‘ரோல்பேக்’ – தமிழில் என்ன சொல்லலாம்? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

பயிற்சியாளர், திருச்சி:

நண்பர்களுக்கு வணக்கம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பள்ளிக் கணினி ஆய்வகங்களை 11-க்கு மாற்றும் ஆசிரியர்களுக்காக ஒரு கையேடு எழுதுகிறேன். வெள்ளியன்று அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்.

புதிய பதிப்பை நிறுவும்போது கணினி சில முறை தானாக அணைந்து எழும். நடுவில் எங்காவது இடித்தால் செய்ததையெல்லாம் கலைத்துவிட்டுப் பழைய விண்டோஸோடு எழுந்து, ஒரு பிழைச்செய்தியைக் காட்டும். அதிலுள்ள எண் சி1900101 என்று தொடங்கினால் (பதினாறை அடியாகக் கொண்ட பதினறும எண், முன்னால் வழக்கமான 0எக்ஸ்), பொருந்தாத இயக்கி (ஒரு வன்பொருளை இயங்கவைக்கும் சிறு மென்பொருள்) ஒன்று உள்ளே இருக்கிறது என்பதுதான் பெரும்பாலும் காரணம். அதைச் சரிசெய்யாமல் மறுபடி நிறுவினால் மறுபடி அதே செய்திதான் வரும். இடைக்கோட்டுக்குப் பிறகு வரும் எண்ணின் முதல் இலக்கம் எந்தக் கட்டத்தில் இடித்தது என்பதைச் சொல்லும். 20017 என்றால் அந்த 2, புதிய பதிப்பு எழுவதற்கு முந்தைய பாதுகாப்புக் கட்டம். 3 முதல் துவக்கம். 4 இரண்டாம் துவக்கம். இவ்வளவும் தமிழில் எழுதியாகிவிட்டது.

ஆனால் அந்தக் ‘கலைத்துவிட்டுப் பழையபடி ஆவது’ இருக்கிறதே, ஆங்கிலத்தில் ரோல்பேக், அதற்கு ஒரு சொல் வேண்டும். நிறுவியின் பதிவுக் கோப்புகள் கிடக்கும் ஓர் அடைவுக்கும் (ஃபோல்டர்) அதுவே பெயர் என்பதால் ஒதுக்கிவிட முடியாது. அதைவிட முக்கியம், அந்தத் திரையைப் பார்த்துப் பதறி மின்சாரத்தை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. கணினி பத்திரமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது, கைவைக்காதே என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும். பின்வாங்கல், பின்னுருட்டல், மீட்பு என்று மூன்று யோசித்திருக்கிறேன்.

நிரலாளர், சென்னை:

பின்னுருட்டல் என்றே வையுங்கள் சார். தரவுத்தளத்திலும் இதே கருத்துதான்: ஒரு பரிவர்த்தனை பாதியில் முறிந்தால் தொடங்கிய இடத்துக்கே எல்லாம் போய்விடும். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் மாணவனுக்கு எளிது. ‘பின்னுருட்டு’ என்று பொத்தானிலும் போடலாம்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

தம்பி, என் வகுப்புப் பிள்ளைகளிடம் ‘உருட்டு’ என்று சொல்லிப் பாருங்கள். அவர்கள் வழக்கில் அது புளுகு. கணினி பின்னால் பொய் சொல்கிறது என்று புரிந்துகொள்வார்கள். சொல்லின் பிறப்பு எவ்வளவு நல்லதானாலும் நடப்பு வழக்கு அதைக் கெடுத்துவிட்டால் விட்டுவிட வேண்டியதுதான்.

எனக்கு அதைவிடப் பெரிய தடை ‘பின்’. தமிழில் காலத்தைச் சொல்லும்போது பின் என்பது இனி வருவது. ‘எண்ணித் துணிக கருமம் துணிந்தபின் எண்ணுவம் என்பது இழுக்கு’, துணிந்த பிறகு. ‘பின்னால் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று பொருள். இடத்தைச் சொல்லும்போதுதான் பின் என்பது முதுகுப்பக்கம். கணினி போவது காலத்தில் முந்திய நிலைக்கு; அதற்குப் ‘பின்’ சேர்த்தால் திசையே மாறுகிறது.

முன்னும் இப்படித்தான். ‘வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்’. ஒரே குறளில் ஒரு முன்னர் காலத்துக்கும் ஒரு முன்னர் இடத்துக்கும் நிற்கிறது. வள்ளுவர் கையில் அது அழகு. கலைச்சொல்லில் ஆபத்து. சரி, ‘முன்னிலை’ என்று வைப்போமா என்றால் அது தன்மை, முன்னிலை, படர்க்கை என்று இலக்கணத்துக்குப் போய்விட்டது. ‘முந்நிலை’ என்றால் மூன்று நிலை.

மீட்பும் வேண்டாம். பழந்தமிழ்ப் போர்மரபில் வெட்சிப்பூச் சூடிய மறவர் கவர்ந்து போன ஆநிரையைக் கரந்தைப்பூச் சூடிய மறவர் போய்ப் பொருது கொண்டுவருவது மீட்டல். இன்னொருவன் கையிலிருந்து பெறுவது. இங்கே யாரும் எதையும் கவரவில்லை. கணினி தானே வருகிறது. தானே வருவது மீளல். மீள் தன்வினை, மீட்டல் பிறவினை. ஆகவே ‘மீள்வு’. சங்க இலக்கியத்தில் வீரனைச் சொல்லும் ‘மீளி’யையும் இதனோடு சேர்த்துப் பார்க்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம்; போர்க்களத்திலிருந்து மீண்டவன் என்ற கருத்து அதில் இருக்கலாம். வீணை மீட்டுவதும் விரலை விட்ட நரம்பு பழைய இடத்துக்கு மீள்வதால்தானோ என்று தோன்றும். தனியாக எழுதுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், கோவை:

ஐயா, மீளி அருமை. ஆனால் வெள்ளிக்கிழமை வருகிறது. ‘பழநிலை’ என்று வைக்கலாமா? பழமை + நிலை. முன், பின் தொல்லையே இல்லை.

நிரலாளர், சென்னை:

அம்மா, சிறிய எழுத்தில் அச்சானால் எல்லோரும் பழநி என்றுதான் முதலில் படிப்பார்கள்.

ஆய்வகப் பொறுப்பாளர், யாழ்ப்பாணம்:

வணக்கம். ‘மீள்வு’ பற்றி ஒரு சொல். எங்கள் பக்கத்தில் மீள் என்பது முன்னொட்டாக வந்தால் ‘மறுபடியும்’ என்ற பொருளே முதலில் வரும். மீள்குடியேற்றம், மீள்பரிசீலனை, மீள்பதிவு. மென்பொருளை மீண்டும் நிறுவுவதையும் மீள்நிறுவல் என்றே சொல்லுவோம். உங்கள் கையேட்டிலும் ‘திரும்ப நிறுவிப் பாருங்கள்’ என்று ஒரு படி இருக்கும்தானே? ஒரே பக்கத்தில் மீள்நிறுவலும் மீள்வும் வந்தால் ஆசிரியர் குழம்பிப்போவார். ஒன்று செய்ய வேண்டிய வேலை, மற்றது தடுக்கக்கூடாத வேலை.

மற்றது, ‘பிழைச்செய்தி’ என்பதை நாங்கள் வழுச்செய்தி என்போம். திணைவழு, பால்வழு என்று இலக்கணத்தில் ஏற்கெனவே உள்ள சொல். இதையும் யோசியுங்கள்.

பயிற்சியாளர், திருச்சி:

வழுவை அடுத்த பதிப்பில் பார்ப்போம் அம்மா. மீள்நிறுவல் பற்றி நீங்கள் சொன்னது கனமான காரணம். கையேட்டில் அந்தப் படி நிச்சயம் இருக்கிறது. நிறுவுவதற்கு முன் விசைப்பலகை, சுட்டி, திரை தவிர அச்சுப்பொறி, வெளி வட்டு என எல்லாவற்றையும் கழற்றுவது, வட்டின் இயக்கியைப் புதுப்பிப்பது, வேற்று நச்சுநிரல் தடுப்பானைத் தற்காலிகமாக நீக்குவது, இடம் போதுமா என்று பார்ப்பது, அப்புறம் திரும்ப நிறுவுவது. இந்த வரிசையில் எழுதியிருக்கிறேன்.

நிரலாளர், சென்னை:

எல்லோரும் ரோல்பேக் என்றுதான் சொல்கிறோம். ‘நேற்று ராத்திரி ரோல்பேக் ஆகிவிட்டது’ என்று எந்த ஆய்வகத்திலும் கேட்கலாம். அதையே தமிழ் எழுத்தில் போட்டுவிட்டால் என்ன? வடசொல்லை எழுத்து மாற்றி ஏற்கத் தொல்காப்பியரே வழி சொல்லியிருக்கிறாரே.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

அவர் சொன்னதை முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி: ‘வடவெழுத் தொரீஇ எழுத்தொடு புணர்ந்த’ சொல். தமிழ் ஒலிமரபுக்குள் வர வேண்டும். ரகரம் மொழிக்கு முதலில் வராது, ககர ஒற்று இறுதியில் நிற்காது. ‘உரோல்பேக்கு’ என்று எழுதச் சம்மதமா?

நிரலாளர், சென்னை:

இல்லை ஐயா. அதற்குப் பின்னுருட்டலே மேல்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நிறுவல் வெற்றியாக முடிந்த பிறகும், பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் பழைய பதிப்புக்குப் போக வழி இருக்கிறது. அது பயனர் தானே தேர்ந்தெடுப்பது. அதற்கும் இதே சொல்லா?

மொழிபெயர்ப்பாளர், கோவை:

நல்ல கேள்வி. விடையும் அதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். திரும்பு, திருப்பு. கணினி தானே போனால் திரும்பல்; நாம் போக வைத்தால் திருப்பல். தன்வினையும் பிறவினையும் எல்லோருக்கும் பழக்கமான சொல்லிலேயே கிடைக்கிறது. எங்கே திரும்புகிறது என்பதற்கு ‘முந்தைநிலை’. முந்தைய ஆட்சி, முந்தைய நாள் என்று இன்று காலத்துக்கு மட்டும்தான் சொல்கிறோம். முந்தைநிலை திரும்பல், முந்தைநிலை திருப்பல். திரையில் வரும் வாக்கியத்துக்கு விளக்கமாக, ‘கணினி முந்தைய நிலைக்குத் திரும்புகிறது, அணைக்காதீர்கள்’ என்று எழுதிவிடலாம். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் படித்துக் காட்டினால்கூடப் புரியும்.

ஆய்வகப் பொறுப்பாளர், யாழ்ப்பாணம்:

எனக்குச் சம்மதம். இங்கேயும் விளங்கும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

வினை வேறுபாடு நன்று, அம்மா. ‘முந்தை’யில் மட்டும் என் தடையைப் பதிவு செய்கிறேன். நற்றிணை 355: ‘முந்தை இருந்து நட்டோர் கொடுப்பின் நஞ்சும் உண்பர் நனி நாகரிகர்’. நண்பர் கண்முன்னே இருந்து நஞ்சைக் கொடுத்தாலும் உண்பார்கள் என்கிறது பாட்டு. அங்கே முந்தை இடம்தான், காலமல்ல. நாம் தப்பி வந்த குழி இங்கேயும் இருக்கிறது. ‘பெயக்கண்டும் நஞ்சுண் டமைவர்’ என்ற குறளை இதனோடு வைத்துப் படித்தால் இன்னும் தெளிவாகும். மீள்வே என் தேர்வு.

மொழிபெயர்ப்பாளர், கோவை:

ஐயா, நற்றிணை படித்த கணினி ஆசிரியர் இதனால் குழம்ப மாட்டார். படிக்காதவருக்குக் குழப்பமே வராது.

பயிற்சியாளர், திருச்சி:

அனைவருக்கும் நன்றி. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். தலைப்பில் ‘முந்தைநிலை திரும்பல்’, உள்ளே முழு வாக்கியம், அடைவின் பெயர் மட்டும் ரோல்பேக் என்று தமிழ் எழுத்தில். 10 நாள் வசதிக்குத் திருப்பல். ஐயாவின் மறுப்பையும் மீள்வு என்ற சொல்லையும் சொற்பட்டியலில் மாற்றுச் சொல்லாகக் கொடுத்திருக்கிறேன்.

நிரலாளர், சென்னை:

கையேட்டுக்குச் சரி சார். தரவுத்தளப் பாடத்தில் நான் பின்னுருட்டல் என்றுதான் எழுதப்போகிறேன். ‘முந்தைநிலை திருப்பல்’ என்று இரண்டு சொல்லாக எழுதினால் பொத்தானுக்குள் அடங்கவில்லை; திரும்பலுக்கும் திருப்பலுக்கும் நடுவே இருப்பது ஓர் ஒற்றெழுத்து வேறுபாடு, மெய்ப்புப் பார்ப்பவர் கண் தவறினால் பொருளே மாறிவிடும். அந்தப் பக்கத்தை மட்டும் அச்சுக்கு முன் இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.