24 மணி நேரமும் ஓடுற கம்ப்யூட்டர்: உங்க வீட்டுல கரண்ட் எவ்வளவு இழுக்குது?

கானாடுகாத்தான் பங்காளி:
எங்க பெரிய வீட்டுல ஆள் இல்லாத நாள்தான் அதிகம். கேமரா பதிவுக்காக ஒரு கம்ப்யூட்டர் இரண்டாங்கட்டுல ராப்பகலா ஓடுது, வாங்கி வச்சது நான். முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கு எல்லாரும் கூடின அன்னைக்குப் பொதுச் செலவு பார்த்தப்ப, சித்தப்பா கேபினெட்டைத் திருப்பி, கண்ணாடியை ஏத்திவிட்டு, உள்ளுக்குக் கரண்ட் குடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி மேல ஒட்டியிருந்த 500 வாட்டை வாசிச்சார். காலண்டர் தாளுக்குப் பின்னாடி "நாளைக்கு 12 யூனிட், 60 நாளைக்கு 720"னு எழுதி எல்லார் முன்னாடியும் நீட்டிட்டார். அந்தத் தடவை வீட்டோட மொத்த பில்லே 410 யூனிட்தான்! 500ங்கிறது அந்தப் பெட்டி அதிகபட்சம் குடுக்கக்கூடியது, எந்நேரமும் இழுக்கிறது இல்லைன்னு சொன்னேன். யாரும் காதுல வாங்கலை. அவ்வளவு பேர் நடுவுல நின்னது இன்னும் உறுத்துது.

செக்காலை ரோடு:
அண்ணே, மீட்டரே சாட்சி சொல்லும். எங்க மீட்டர் முகத்துலயே ஒரு யூனிட்டுக்கு 3200 தடவை சிமிட்டும்னு போட்டிருக்கு. ஃப்ரிட்ஜ், ஃபேன், மோட்டார் எல்லாத்தையும் நிறுத்திட்டு கம்ப்யூட்டரை மட்டும் விட்டு, முகப்புல நின்னு சிவப்பு லைட்டை எண்ணினேன். அப்பத்தா விசிறியோட வந்து பக்கத்துல உக்காந்து அவுகளும் விரல் விட்டு எண்ணினாக. 10 நிமிஷத்துக்கு 40. கணக்குப் போட்டா 75 வாட், நாளைக்கு 1.8 யூனிட், இரண்டு மாசத்துக்கு 108.

தேவகோட்டை மருமகள்:
108ஐ யூனிட்டுக்கு 4.50ன்னு பெருக்கி 486 ரூபான்னு முடிச்சிறாதீங்க தம்பி. எங்க வீட்டுல சண்டை வந்ததே அங்கதான். 2022 செப்டம்பர் ரேட்டையே வச்சுப் பாருங்க, அதுக்கப்புறம் இன்னும் ஏறிருக்கு. கம்ப்யூட்டர் இல்லாம 450 யூனிட்னா பில் 1425. கூட 108 சேர்ந்து 558 ஆனா 2414. வித்தியாசம் 989! 500ஐத் தாண்டினதும் 101லிருந்து 200 வரைக்கும் 2.25 போயி 4.50 ஆயிருது, 500க்கு மேல உள்ளதுக்கு 8 ரூபா. எங்க மாமியார் பில்லைக் கையில வச்சுக்கிட்டு "புள்ள படிக்கிற பெட்டிக்கா ஆயிரம்?"னு கேட்டப்ப எனக்கு இந்தக் கணக்கு தெரியலையேன்னுதான் ஆத்திரம். 75 வாட்டுல மானிட்டர் சேர்த்தியா?

பள்ளத்தூர்:
எங்க பழைய வீட்டுல பிளக் தொட முடியாத அளவு சுட்டுச்சு, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வயரை மாத்தினோம். கேக்காட்டியும் சொல்றேன். கட்டையில அடிச்ச பழைய வயரிங்ல இருந்து ராப்பகலா எதையும் ஓட்டாதீங்க, யூனிட் கணக்கை விட அது முக்கியம். கேமராவுக்கு மட்டும்னா கம்ப்யூட்டர் எதுக்கு? கேமரா படத்தைப் பதியுற டிவிஆர் பெட்டி 20 வாட்டுல ஓடினா இரண்டு மாசத்துக்கு 29 யூனிட் கூட வராது. ஸ்கிரீன்சேவர் ஓடினா கரண்ட் மிச்சம்னு நினைக்கிறவங்க இன்னும் இருக்காங்க, கிடையாது. மானிட்டரை அணைக்கணும். படிக்கிற புள்ளைக எந்திரிச்சுப் போறப்ப ஸ்லீப்ல போடப் பழக்குங்க, சில வாட்தான் இழுக்கும். யூபிஎஸ்ஸும் தன் பங்குக்குத் தின்னும், எண்ணுறப்ப அதையும் சேர்த்தே எண்ணுங்க.

செக்காலை ரோடு:
அக்கா, மானிட்டர் சேர்த்துத்தான். இப்பத்தான் அதை அணைச்சுட்டு மறுபடி எண்ணினேன், 10 நிமிஷத்துக்கு 29. பெட்டி மட்டும் 54 வாட். பள்ளத்தூர் அண்ணே, டிவிஆர் சரி, ஆனா அண்ணன் வீட்டுல எத்தனை கேமரான்னு கேக்காமலே சொல்லிட்டீக.