விளக்கை எடு: தமிழில் கட்டளை விளையாட்டு ஓடுமா, பொத்தானே போதுமா?

நொய்யல்கரை:
எழுத்தாலேயே நடக்கும் கணினிச் சாகச விளையாட்டைத் தமிழில் எழுதினால், ஆடுபவர் கட்டளையைத் தட்டச்சு செய்யும் முறையில்தான் எழுதணும் என்பது என் கட்சி. வில் க்ரௌதர் கென்டக்கியின் மாமத் குகையை வைத்து எழுதியதை 1977-ல் டான் உட்ஸ் விரிவாக்கிய 'அட்வென்ச்சர்' ஒன்றே இதற்குச் சாட்சி. கையில் ஏழு சாமான்தான் நிற்கும். விளக்கின் பேட்டரி 330 நகர்வில் தீரும். ஒரே மாதிரி வளையும் பாதைகளில் அறைக்கு ஒரு சாமானைப் போட்டு அடையாளம் வைத்தால்தான் வரைபடம் வரைய முடியும். இந்த யுக்தியை விளையாட்டு சொல்லித் தராது, ஆடுபவருக்கே தோன்றணும். 'சாமானைப் போடு' என்று ஒரு பொத்தானை வைத்துவிட்டால் புதிர் அங்கேயே செத்தது.

சென்னிமலைத்தறி:
இல்லீங்ணா. இங்கிலீஷ்ல வினை முன்னால வரும், பெயர் அப்படியே நிக்கும், ரெண்டு வார்த்தையில வேலை முடிஞ்சுது. நம்மளுது 'கதவைச் சாவியால் திற'. வினை கடைசியில, பெயர் மேல உருபு, நடுவுல ஒற்று. அதுவும் நம்ம ஊர்ல 'வெளக்க எடு', 'கதவத் தொற'ன்னுதான் அடிப்பாங்க. நாலு தடவை 'புரியவில்லை'ன்னு வந்தா ஆள் மூடிட்டுப் போயிருவாங்க. ட்வைன்ல எழுதுங்க, தட்டச்சே இல்லாம தொட்டுத் தொட்டுப் போற கதை செய்யற கருவி. 2009-ல இருந்து இருக்குது, ஒரே எச்டிஎம்எல் கோப்பா வரும், போன்ல தமிழ் அப்படியே தெரியும்.

பொள்ளாச்சிச்சந்தை:
தம்பி சொல்லும் சிக்கல் நிஜம்தான், ஆனால் தீர்க்க முடியாதது இல்லை. கட்டளை விளையாட்டு எழுதுவதற்கென்றே உள்ள இன்ஃபார்ம் 6 நிரல்மொழியில் மொழிக் கோப்பு தனியாக இருக்கிறது, அதில் 'லாங்வேஜ்-டு-இன்ஃபார்மீஸ்' என்றொரு ரொட்டீன் (நிரல்துண்டு). ஆடுபவர் அடித்த வரியை, விளையாட்டு அதைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பொருள் கொள்ளும் முன் அங்கே திருத்தலாம். கடைசிச் சொல்லைத் தூக்கி முன்னால் வையுங்கள், வினை முதலில் வந்துவிடும். அடுத்து, சொல் க், ச், த், ப்-இல் முடிந்து அடுத்த சொல்லும் அதே எழுத்தில் தொடங்கினால் அந்த ஒற்றை வெட்டுங்கள். இதை வினையை நகர்த்துவதற்கு முன்பே செய்யணும், பின்னால் செய்தால் பக்கத்துச் சொல் மாறிப்போயிருக்கும். பிறகு உருபு: 'த்தை' என்றால் 'ம்' (மரத்தை, மரம்), 'ற்றை' என்றால் 'று' (கிணற்றை, கிணறு), 'ட்டை' என்றால் 'டு' (மாட்டை, மாடு).

இங்கேதான் பலர் வழுக்குவார்கள். முட்டை, சட்டை, மட்டை எல்லாம் பிறவியிலேயே 'ட்டை'. கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் முட்டை 'முடு' ஆகிவிடும். அதனால் சொல்லை முதலில் அப்படியே அகராதியில் தேடணும், கிடைக்காவிட்டால் மட்டும் வெட்டணும். அப்படியும் ஒன்று தப்பும்: 'கட்டை எடு'. விறகுக் கட்டையா, புல்லுக் 'கட்டு' என்பதன் இரண்டாம் வேற்றுமையா? இரண்டும் ஒரே அறையில் இருந்தால் 'எதை?' என்று விளையாட்டே கேட்கட்டும். நான் எழுதினால் இரண்டையும் ஒரே அறையில் வைக்கவே மாட்டேன்.

சென்னிமலைத்தறி:
சரிங்க்கா, இலக்கணம் ஆச்சு. மெஷினு? இன்ஃபார்ம்ல எழுதுனதை ஓட்டற மென்பொருள் எந்திரம், இன்ஃபோகாம் கம்பெனி 1979-ல வடிவமைச்ச இசட்-மெஷின், அஞ்சாம் பதிப்புலகூட, ஒரு சொல்லுக்கு ஒன்பது குறிதான் அகராதியில வைக்கும். அதோட எழுத்துப் பலகை இங்கிலீஷ் எழுத்துக்குன்னு போட்டது, அதுல இல்லாத எழுத்து ஒவ்வொண்ணும் நாலு குறி தின்னும். 'வ' நாலு, இகரக் கொக்கி நாலு, ஆச்சு எட்டு. விளக்கு, விறகு, வில் மூணும் அதுக்கு ஒண்ணுதான். விளக்கை எடுன்னா விறகு கைக்கு வரும்.

நொய்யல்கரை:
அருமையாப் பிடிச்சீங்க தம்பி. எழுத்துப் பலகையையே மாற்றித் தமிழை ஏற்றலாம், உயிர், மெய், கொக்கி, கிரந்தம் எல்லாம் சேர்த்து ஐம்பதுக்குள் அடங்கும். ஆனால் அந்தப் பாடு தேவையில்லை. இன்ஃபார்ம் ஓடும் இன்னொரு எந்திரமான க்ளல்க்ஸுக்குப் போங்க. அகராதியில் ஒரு குறிக்கு நாலு பைட் (டிக்ட்-கேர்-சைஸ் 4), ஒரு சொல்லுக்கு 24 குறி (டிக்ட்-வேர்ட்-சைஸ் 24), மூலக் கோப்பு தமிழ் எழுத்தைத் தாங்கும் யூடிஎஃப்-8 என்பதற்கு 'சியூ' சுவிட்ச். இங்கே எழுத்து, கொக்கி, புள்ளி ஒவ்வொன்றும் ஒரே குறி, அதனால் 'விளக்குமாறு' பதினொரு குறி, தாராளமாக நுழையும். பக்கத்திலேயே 'சீமாறு' என்றும் பெயர் கொடுத்துடுங்க, தட்டுக்கு 'வட்டல்' கொடுங்க. பேச்சு வழக்குக்கு மருந்து இதுதான். இருபது சாமானுக்கு மூன்று பெயர் வீதம் அறுபது சொல், ஒரு சாயந்தர வேலை.

'கொடு' மட்டும் கவனம். சில விசைப்பலகைகள் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அனுப்பும், கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், அகராதியில் சிக்காது. உள்ளே வரும்போதே இரண்டையும் ஒன்றாக்கிடுங்க. க்ளல்க்ஸ் விளையாட்டை ஓட்டுவதற்குக் க்விக்ஸி போல பிரவுசரில் ஓடும் மென்பொருள் நல்லது. முனையத்தில் (டெர்மினலில்) ஓட்டினால் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாகக் கிடக்கும்.

பொள்ளாச்சிச்சந்தை:
திசைச் சுருக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் வழி கேட்டால் 'தெக்கால போயி கெழக்க திரும்பு' என்றுதான் சொல்வோம், இந்த விளையாட்டுக்கென்றே அமைந்த பேச்சு. ஆனால் 'மே' மேற்கா மேலேயா? வெள்ளியங்கிரியில் பிறக்கும் நொய்யல் கிழக்கே இறங்குவதால், இங்கே நிலத்திலேயே மேல் என்றால் மேற்கு. ஆகவே 'மே', 'கி' இரண்டும் திசைக்கு மட்டும். கிணற்றில் 'ஏறு', 'இறங்கு' என்ற வினைகளே போதும்.

சென்னிமலைத்தறி:
இவ்வளவும் செஞ்சாலும் போன்ல விசைப்பலகை பாதித் திரையை மறைச்சுக்கும், வர்ணனையே தெரியாது. அதுக்கு என்ன வழி?

நொய்யல்கரை:
வர்ணனையில் வரும் பெயர்ச்சொல்லைத் தொட்டால் அது கட்டளை வரியில் போய் உட்காரட்டும். உருபும் அதுவே சேர்த்துக்கொள்ளும். வினையை மட்டும் ஆடுபவர் அடிக்கட்டும்.

சென்னிமலைத்தறி:
வினையையும் பட்டியலாப் போட்டா அது ட்வைன்தானுங்ணா.

நொய்யல்கரை:
போட மாட்டேன். 'எடு' என்பதை வேண்டுமானால் காட்டலாம். 'போடு' என்பது ஆடுபவர் தலையிலிருந்துதான் வரணும்.