கத்தார் கேஸுக்கு சேலத்துல குழாய்: வேணுமா வேண்டாமா?

செவ்வாப்பேட்டை பட்டறை:
பைப்ல கேஸ்னு பேச்செடுத்தாலே நம்ம ஊர்ல பாதிப் பேரு எதிர்ப்புன்னு கிளம்பிடறாங்க. கொலுசு பட்டறைக்குள்ள ஒரு நாள் வந்து பாருங்க. வெள்ளியை உருக்கறது, வளையத்தைப் பத்த வைக்கிறது எல்லாம் கேஸ் நெருப்புலதான், 19 கிலோ சிலிண்டர் விலை மாசம் பொறந்தா மாறுது, கொலுசுக் கூலி அப்படி மாறுதா? அந்தப் பக்கம் மேட்டூர் அனல் மின் நிலையம் ஒடிசா நிலக்கரியை எரிச்சு சாம்பலைத் தள்ளுது, அதே கரண்ட்டை கேஸ்ல எடுத்தா கரியமில வாயு கிட்டத்தட்ட பாதிதான் வரும். இதுல எதுக்கு எதிர்ப்பு?

ஓமலூர் மாந்தோப்பு:
அண்ணா, கேஸை யாரும் எதிர்க்கல, குழாய் எது வழியா வருதுங்கறதுதான் சண்டை. கொச்சியில இருந்து பெங்களூருக்கு மத்திய அரசு கேஸ் கம்பெனியான கெயிலோட குழாய் கோயம்புத்தூர்ல ஆரம்பிச்சு சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரின்னு ஏழு மாவட்டம் வழியா போகணும்னாங்க. 1962 பெட்ரோலியக் குழாய் சட்டப்படி நிலம் நம்ம பேர்லயே இருக்கும், ஆனா 20 மீட்டர் அகலத்துக்கு உரிமை அவங்களுக்கு, அதுல வீடு கட்டக்கூடாது, கிணறு வெட்டக்கூடாது, ஆழமா வேர் விடற மரம் வைக்கக்கூடாது. மாமரம் தென்னை ரெண்டும் போச்சா? சதுரமா இருக்கற ரெண்டு ஏக்கர் தோப்புல குறுக்கால 20 மீட்டர் போனா 44 சென்ட் காலி, இருபது இருபத்தஞ்சு வருஷம் வளர்த்த மல்கோவா மரம் அந்தக் கோட்டுல நின்னா வெட்டித்தான் ஆகணும். இதுக்கு சட்டம் சொல்ற ஈடு நிலத்தோட சந்தை விலையில 10 சதவீதம். 2013ல ஜெயலலிதா அம்மா ரோட்டோரமா கொண்டு போங்கன்னாங்க, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி 2016ல நாம தோத்தோம். 2014ல ஆந்திராவுல நகரம்ங்கற கிராமத்துல கெயில் குழாய் வெடிச்சு 20 பேருக்கு மேல செத்தாங்களே, அவங்களும் வீட்டுக்குள்ள தூங்கிட்டு இருந்தவங்கதான்.

செவ்வாப்பேட்டை பட்டறை:
நகரம் விபத்து கொடுமைதான் தம்பி, மறுக்கல. ஆனா ரோட்டுல ஓடற கேஸ் டேங்கரும் கவிழத்தான் செய்யுது.

ஏற்காடு காப்பித்தோட்டம்:
ரெண்டு பேரும் கேஸ் எங்க இருந்து வருதுன்னு பாக்க மாட்டேங்கறீங்க. நிறைய கேஸை கத்தார்ல எடுத்து மைனஸ் 162 டிகிரிக்கு குளிர வச்சு திரவமாக்கி கப்பல்ல ஏத்தி ஹோர்முஸ் நீரிணை தாண்டிதான் வரணும், வேற கடல் வழியே கிடையாது. 2024 பிப்ரவரியில கத்தாரோட வருஷத்துக்கு 75 லட்சம் டன்னுன்னு 2048 வரைக்கும் ஒப்பந்தத்தை நீட்டியாச்சு. அந்த நீரிணையில யாராவது சண்டை போட்டா நம்ம அடுப்பு என்ன ஆகும்? 2022ல உக்ரைன் போர் வந்தப்ப ஐரோப்பாக்காரன் காசை அள்ளிக் கொட்டி கப்பலையெல்லாம் தன் பக்கம் திருப்பிக்கிட்டான், பாகிஸ்தானும் வங்கதேசமும் கேஸ் வாங்க முடியாம மணிக்கணக்குல கரண்ட் கட்ல கெடந்தாங்க, கெயிலுக்கு வர வேண்டிய சரக்கே நின்னு போச்சு. இன்னொண்ணு, அந்தப் பாதிக் கணக்கு எரியற எடத்துல மட்டும்தான். இந்தக் கேஸ்ல பெரும்பங்கு மீத்தேன்தான், அது எரியாம கசிஞ்சா 20 வருஷக் கணக்குல கரியமில வாயுவை விட 80 மடங்கு சூடு ஏத்தும். நெதர்லாந்து க்ரோனிங்கன்ல கேஸ் எடுத்து எடுத்து நிலமே ஆடி வீட்டுச் செவுரெல்லாம் விரிசல் விட்டு 2023ல உற்பத்தியையே நிறுத்தினாங்க, அது பணக்கார நாடு. நாங்க அலுமினியத் தாதுவான பாக்சைட்டுக்கு மலையைத் தோண்டினதைப் பாத்தவங்க, செம்மண்ணு போனா மறுபடி வராது.

செவ்வாப்பேட்டை பட்டறை:
எல்லாம் சரிங்க, சிலிண்டர் மட்டும் உள்ளூர் சரக்கா? அதுலயும் பாதிக்கு மேல இறக்குமதிதான், அதுவும் பெரும்பாலும் வளைகுடாதான். அப்ப விறகுக்குப் போகச் சொல்றீங்களா?

ஓமலூர் மாந்தோப்பு:
ஆத்தூர் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரில மரவள்ளிக் கெழங்கு கழுவின கழிவுத் தண்ணியை மூடி போட்டு கேஸ் பிடிச்சு ஜெனரேட்டர் ஓட்டறாங்கல்ல அண்ணா, முன்னாடி அந்த நாத்தத்துக்கு ஊருக்குள்ள நிக்க முடியாது. அதுவும் மீத்தேன்தான், யார் தோப்பையும் வெட்ட வேணாம், எந்த ராஜாவையும் கெஞ்ச வேணாம்.

செவ்வாப்பேட்டை பட்டறை:
அது அந்த ஃபேக்டரிக்கே சரியாப் போயிடும், ஊருக்கெல்லாம் பத்தாது தம்பி. 10 சதவீதத்தை மாத்து, குழாயை ரோட்டோரம் போடுன்னு மனு எழுதுங்க, பட்டறைக்காரங்க அத்தனை பேர்கிட்டயும் நானே கையெழுத்து வாங்கித் தர்றேன். குழாயே வேண்டாம்னு எழுதினா போட மாட்டேன்.

ஓமலூர் மாந்தோப்பு:
எழுதறேன். ஆனா சட்டம் மாறின பொறவுதான் குழி தோண்டணும்னு அதுலயே ஒரு வரி இருக்கும், அதுக்கு சம்மதமான்னு மொதல்ல சொல்லுங்க.