புதுப்பிப்பு: குழுக் கூட்டம் நடத்தப் பயம் – எது கைகொடுத்தது

மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு என்னை ஊக்குநராக, அதாவது கூட்டத்தை நடத்துபவராக, ஆக்கிவிட்டார்கள், மூத்த அக்காமார் முன்னால் வாயே வரவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கண்ணாடி முன் பேசிப் பழகுவது எனக்கு ஒத்துவரவில்லை, சிரிப்புதான் வந்தது. கைகொடுத்தது, சுயஉதவிக் குழுக்களுக்கான ஐந்து விதிகளான பஞ்சசூத்திரத்தையே கூட்ட வரிசையாக்கச் சொன்ன யோசனை: வருகை, சேமிப்பு, உள்கடன் (குழுப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்குக் கொடுப்பது), தவணை வசூல், கடைசியில் கணக்குப் புத்தகம். அடுத்து என்ன பேசுவது என்ற தவிப்பே போய்விட்டது. கடன் கொடுக்கும் முன் குழுவைத் தரம் பார்க்கும்போது வங்கியும் இந்த ஐந்தையும் கேட்பதால், அங்கேயும் தடுமாறவில்லை.

எதிர்பாராதது: பாக்கி வைத்திருந்த அக்காவிடம் கேட்கத்தான் நடுங்கினேன். குழுப் பொறுப்பில் இருக்கும் பிரதிநிதி எல்லோர் கணக்கையும் சத்தமாக வாசிக்க ஆரம்பித்ததும், கேட்காமலே கட்டிவிட்டார்.

தீர்மான நோட்டு எழுதுவதுதான் இன்னும் இழுக்கிறது. மாதிரி இருந்தால் யாராவது போடுங்கள்.