ரேஷன் கடை மெஷின் இன்புட்டா அவுட்புட்டா? பாட்டி விரல் ஏன் விழமாட்டேங்குது?

தறிவீட்டு_அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு ஆறாவது படிக்கிறா, உள்ளீட்டுக் கருவி வெளியீட்டுக் கருவி பாடம் ஓடிட்டிருக்கு. கீபோர்டு மவுஸ் மானிட்டர் எல்லாம் எழுதக்கூடாது, தெனமும் நீங்க பாக்குறதுல பத்து எழுதிட்டு வாங்கன்னு மிஸ் சொல்லிட்டாங்க. சனிக்கிழமை எங்க அத்தைகூட (என் மாமியார்) ரேஷன் கடைக்குப் போனவ, வந்ததும் வராததுமா அம்மா அந்த பில் போடுற மெஷின் இன்புட்டா அவுட்புட்டான்னு கேட்டா. எனக்கு சொல்லத் தெரியல.

இன்னொண்ணு. அத்தை முப்பது வருஷம் தறியில இருந்தவங்க. நாலு தடவ விரல் வெச்சும் ரேகை விழல, பின்னாடி வரிசைல நின்னவங்க சலிச்சுக்கிட்டாங்க போல, ஒண்ணும் வாங்காம வெறும் பையோட திரும்பிட்டாங்க. பொண்ணு என்கிட்ட "மெஷினுக்குப் பாட்டிய அடையாளம் தெரியலையாம்மா"ன்னு கேக்குறா, மனசு கஷ்டமா போச்சு. ஏன் இப்படி ஆகுது, என்ன செய்யலாம்?

குமரன்_77:
ரொம்ப யோசிக்காதீங்க சிஸ்டர். நாம மெஷினுக்குச் சொன்னா இன்புட், மெஷின் நமக்குச் சொன்னா அவுட்புட். டச் ஸ்கிரீன் இன்புட்டுன்னு எழுதச் சொல்லுங்க, போதும்.

பிஓஎஸ்_சர்வீஸ்:
குமரன் தம்பி சொன்ன அளவுகோல் சரிதான், ஆனா டச் ஸ்கிரீன் வெறும் இன்புட் கிடையாது. மேல இருக்குற கண்ணாடி நம்ம விரலை உணருது, அடியில இருக்குற டிஸ்ப்ளே நமக்குப் படம் காட்டுது, ரெண்டு கருவிய ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி வெச்சிருக்காங்க, அதனால ரெண்டு பக்கமும் எழுதணும்.

நான் பில்லிங் மெஷின் சர்வீஸ்ல பன்னெண்டு வருஷமா இருக்கேன், அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். ரேஷன் மெஷினை ஒரே கருவியா பாக்காம பிரிச்சுப் பாருங்க அம்மா. ஸ்மார்ட் கார்டுல இருக்குற க்யூஆர் கோடைப் படிக்கிற கேமரா இன்புட். விரல் வைக்கிற கண்ணாடி இன்புட். சில கடைல கண்ணைக் காட்டச் சொல்ற கருவிழி ஸ்கேனர் இருக்கு, அதுவும் இன்புட். எங்க ஊர் கடைல தராசையும் ப்ளூடூத்ல மெஷினோட சேத்திருக்காங்க, அரிசி எடை தானா உள்ள போகுது, அப்போ தராசும் இன்புட்தான். திரை, பீப் சத்தம், பில் அடிக்கிற பிரிண்டர் இதெல்லாம் அவுட்புட். ஒரே கடைலயே ஏழு ஆச்சு பாருங்க.

அந்த பிரிண்டர்ல மையே கிடையாது, தெரியுமா? பேப்பர்லயே சூடு பட்டா கறுக்குற பூச்சு இருக்கு, பிரிண்டர் தலை எங்க சூடு வைக்குதோ அங்க எழுத்து வரும். பொண்ணுகிட்ட ஒரு பில்லைக் குடுத்து வழவழப்பான பக்கத்துல நகத்தால வேகமா ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்க, கறுப்பா கோடு விழும். பஸ் டிக்கெட், ஏடிஎம் சீட்டு பலதும் இதே ஜாதிதான். அதனாலதான் கொஞ்ச நாள்ல மங்கிப் போகுது, வாரண்டி பில்லா இருந்தா அன்னிக்கே ஜெராக்ஸ் எடுத்துடுங்க.

இப்போ அத்தை விஷயம். விரல்ல மேடும் பள்ளமுமா வரி இருக்குல்ல. பெரும்பாலான ஸ்கேனர்ல கண்ணாடிக்குக் கீழ இருந்து வெளிச்சம் அடிக்கும். மேடு கண்ணாடியை ஒட்டுற இடத்துல வெளிச்சம் திரும்பி வராது, அங்க கறுப்பா தெரியும், பள்ளத்துல காத்து இருக்குறதால வெளிச்சம் திரும்பி வந்து வெள்ளையா தெரியும். இந்தக் கறுப்பு வெள்ளைதான் ரேகைப் படம். வயசானா தோல் வறண்டு போகும், தறி, சிமெண்ட், பாத்திரம் தேய்க்கிறதுன்னு உழைச்ச கைல மேடே தேஞ்சிருக்கும், அப்போ மேடு கண்ணாடியை முழுசா ஒட்டாம கோடு துண்டு துண்டா விழும், ஆதார்ல இருக்குறதோட பொருந்தாது. தப்பு அத்தை மேல இல்ல அம்மா, இதை அவங்ககிட்ட கட்டாயம் சொல்லுங்க. உழைச்ச கைக்காரங்க கவுண்டர்ல குத்தவாளி மாதிரி நிக்கிறதை நான் நெறைய பாத்திருக்கேன், இன்னிக்கும் எனக்கு அது ஆறாது.

செய்ய வேண்டியது: மொதல்ல அந்தக் கண்ணாடியைத் தொடைக்கச் சொல்லுங்க, முன்னாடி வெச்சவங்க பிசுக்கு அதுலயே இருக்கும். விரலைக் கழுவித் தொடைச்சுட்டு நெத்தியில லேசா தேச்சுட்டு வைக்கச் சொல்லுங்க, அந்தத் துளி எண்ணெய்ப்பசை இருந்தா மேடு நல்லா ஒட்டும். நுனியை வைக்காம விரலோட சதைப் பகுதி தட்டையா படணும். ரொம்ப அழுத்தினா கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்துடும், அதுவும் வேணாம். ஆதார்ல பத்து விரலும் பதிஞ்சிருக்கும், ஆள்காட்டி விழலன்னா நடுவிரல், மோதிர விரல்னு மாத்திப் பாக்கச் சொல்லுங்க. எதுவுமே விழலன்னா ஆதார் மையத்துல ரேகையை புதுசா பதியலாம். அதுவரைக்கும் கார்டுல பேர் இருக்குற வேற யாராவது போய் விரல் வெச்சாலும் பொருள் குடுப்பாங்க.

விரல்_வழி:
எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது, போன்ல பேசித்தான் இதை டைப் பண்றேன், அதாவது மைக் எனக்கு இன்புட். பள்ளிக்கூடத்துல மானிட்டர்தான் முக்கியமான வெளியீடுன்னு சொல்லிக் குடுத்தாங்க, ஆனா என் வீட்டுக் கம்ப்யூட்டர்ல நான் மானிட்டரை ஆன் பண்றதே இல்ல. என்விடிஏன்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், 2006ல ஆஸ்திரேலியால பார்வையில்லாத ஒருத்தர் ஆரம்பிச்சது, திரைல இருக்குறதைப் படிச்சுக் காட்டும், தமிழும் படிக்கும். அப்போ எனக்கு ஸ்பீக்கர்தான் வெளியீடு. பாப்பா ஒரு வேலை செய்யட்டும், கண்ணை மூடிட்டு கீபோர்டுல எஃப், ஜே ரெண்டு எழுத்தையும் தடவிப் பாக்கட்டும், சின்னதா ஒரு மேடு தட்டுப்படும். ஏடிஎம்ல 5 மேலயும் ஒரு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளிய வெச்சுத்தான் நான் யார்கிட்டயும் பின் நம்பர் சொல்லாம பணம் எடுக்குறேன். லிஸ்ட்ல போன் வைப்ரேஷனையும் சேக்கச் சொல்லுங்க, அதுவும் வெளியீடு, எனக்கு ரொம்ப வேண்டிய வெளியீடு.

குமரன்_77:
பிஓஎஸ் அண்ணே, டச் ஸ்கிரீன் திருத்துனதுக்கு நன்றி. பென்டிரைவ் எதுல சேரும்?

பிஓஎஸ்_சர்வீஸ்:
அது சேமிப்பு தம்பி, இந்த ரெண்டு லிஸ்ட்லயும் போட வேணாம்.

தறிவீட்டு_அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இன்னிக்கு காலைல அத்தைகூட நானும் போனேன். கடைல பில் போடுறவர்கிட்ட சொன்னதும் அவரே துணி எடுத்து கண்ணாடியைத் தொடைச்சார். ஆள்காட்டி விரல் ரெண்டும் விழல, வலது கை நடுவிரலை நெத்தியில தேச்சுட்டு வெச்சாங்க, மொத தடவையே பீப் வந்துச்சு. சர்க்கரை, பருப்பு, பாமாயில் எல்லாம் வாங்கியாச்சு. விரல்_வழி சார், பொண்ணு கண்ணை மூடிட்டு அரை மணி நேரமா கீபோர்டைத் தடவிட்டே இருந்தா, அந்த மேட்டை மட்டும் பெருசா படம் வரைஞ்சு வெச்சிருக்கா. லிஸ்ட்டு பதினாலு ஆயிடுச்சு, பில்லையும் நோட்டுல ஒட்டிட்டா, அதுல அவ நகத்தால போட்ட கோடும் இருக்கு. அத்தை மட்டும் நடுவிரல் நடுவிரல்னு சொல்லிப் பாத்துட்டே இருக்காங்க, அடுத்த மாசம் மறக்கக்கூடாதாம்.