சீலன்ட்: அடைப்பானா, ஆசா, பசையா?

வணக்கம். டூவீலர் மெக்கானிக் பாடக் குறிப்பைத் தமிழில் எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. பழைய குறிப்பில், இரண்டு பாகங்களுக்கு நடுவே வைக்கும் மெல்லிய தகடான கேஸ்கெட்டும் 'அடைப்பான்', அந்த இடுக்கில் தடவும் பேஸ்டான சீலன்டும் 'அடைப்பான்'. போன மாதம் ஒரு மாணவர் 'அடைப்பான் இட்டு மூடவும்' என்று படித்துவிட்டு, கிளட்ச் கவரில் கேஸ்கெட் வைக்காமல் சிலிக்கான் பேஸ்டைத் தாராளமாகத் தடவி மூடியிருக்கிறார். நேற்று ஆயில் வலையைக் கழற்றினேன். உள்ளே பிதுங்கி அறுந்த பேஸ்ட், சாம்பல் நிறத்தில் புழுப்புழுவாக வலையை அடைத்துக் கிடந்தது. இரண்டுக்கும் வேறு வேறு சொல் வேண்டும்.

———

> இரண்டுக்கும் வேறு வேறு சொல் வேண்டும்

அடைப்பான் வேண்டவே வேண்டாம். அது மாட்டுக்கு வரும் நோயின் பெயர். நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: ஆசு. இரண்டு குறட்பாவைச் சேர்த்து நேரிசை வெண்பா ஆக்கும்போது, முதல் குறளின் கடைசிச் சீர் தனிச்சொல்லோடு இசையாவிட்டால் இடையில் ஓரசையோ ஈரசையோ கூட்டுகிறோம். அதுதான் ஆசிடை நேரிசை வெண்பா. பொற்கொல்லர் இரண்டு துண்டை இணைக்க வைக்கும் பற்றாசுதான் இந்த ஆசு. கிராங்க்கேஸ் என்கிற என்ஜின் அடிக்கூட்டின் இரண்டு பாதிக்கு நடுவே சீலன்ட் செய்வதும் இதைத்தானே?

———

ஐயா, அழகாக இருக்கிறது. ஆனால் பற்றாசு சூட்டில் உருகிப் பிடிப்பது. சிலிக்கான் காற்றின் ஈரத்தில் இறுகுகிறது. காற்றில்லாத இடுக்கில், உலோகம் பட்டு இறுகும் வகையும் உண்டு. அதோடு ஆசு என்றால் குற்றம் என்றும் பொருள். தோணி கட்டுபவர்கள் பலகை இடுக்கை அடைப்பதைக் கலப்பத்து என்கிறார்களே, அதை எடுத்தால் என்ன? கலம் + பற்று.

———

கலம் + பற்று இல்லை. போர்த்துகீசியரின் கலஃபாத்தெ. துறைமுகத்தில் இறங்கிய சொல்லுக்குச் சங்கப் பூணூல் மாட்ட வேண்டாம். கடன் சொல்தான் என்றால் சீலன்ட் என்றே எழுதலாமே! கடையில் போய் ஆசு கேட்டால் என்ன கொடுப்பார்? எங்கள் பக்கம் எந்தக் கம்பெனி டியூப் ஆனாலும் 'அனபாண்ட்' என்றுதான் கேட்கிறார்கள்.

———

கடையில் கேட்பதற்கு அது போதும், அண்ணா. பாடத்தில் போதாது. கேஸ்கெட்டுக்குக் கனம் உண்டு, அந்தக் கனமும் என்ஜின் அளவில் சேர்ந்தது. சிலிண்டர் அடியில் இருக்கும் அரை மில்லிமீட்டர் கேஸ்கெட்டை எடுத்துவிட்டுப் பேஸ்ட் மட்டும் தடவினால், சிலிண்டர் ஏறக்குறைய அந்த அரை மில்லிமீட்டரும் இறங்கிவிடும். கம்ப்ரெஷன் ஏறும், பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும். கேஸ்கெட்டே இல்லாமல், பேஸ்ட் மட்டும் போதும் என்று வடிவமைத்த கிராங்க்கேஸ்களும் இருக்கின்றன. சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவே வரும் ஹெட் கேஸ்கெட் இடத்தில் சிலிக்கான் நிற்கவே நிற்காது. சொல்லைப் பார்த்ததும் இது தகடு, இது களிம்பு என்று பையனுக்குத் தெரிய வேண்டும்.

———

அப்படியானால் வினைத்தொகையாக வைக்கலாம்: அடையிதழ், அடைபசை. ஊறுகாய், சுடுகாடு போல நடுவில் வல்லினம் மிகாது. 'அடைப்பசை' என்று யாரும் திருத்திவிட வேண்டாம். இதழ் என்பதால் தாள், கார்க், செம்பு எல்லாம் அடங்கும்.

———

பசை என்றால் ஒட்டுவது. சீலன்ட் ஒட்டுவதற்கு இல்லை, போல்ட்தான் பிடிக்கிறது. 'அடைகளிம்பு'?

———

களிம்பு என்றால் செம்பில் ஏறும் பச்சை. புண்ணுக்குப் போடுவதும் அதுதான். வேண்டாம்.

———

மணி பதினொன்று ஆகிவிட்டது. இதுவரை எழுதியவர்களில் நாலு பேர் அடைபசைக்குச் சரி என்கிறார்கள். குறிப்பில் இப்படிப் போகிறது: 'அடையிதழ் உள்ள இடத்தில் அடைபசையை மட்டும் தடவக் கூடாது.' முதல் முறை வரும்போது பக்கத்திலேயே கேஸ்கெட், சீலன்ட் என்றும் எழுதிவிடுகிறேன்.

———

சரி தம்பி, அச்சுக்கு அனுப்புங்கள். அடுத்த பதிப்புக்கு 'ஆசு' என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். குற்றம் என்ற பொருள் வேறு சொல், இது வேறு சொல். நாளை யாப்பருங்கலக் காரிகை உரையை எடுத்து விரிவாக எழுதுகிறேன்.