மிதவை மேடைக்குப் பழைய பிளாஸ்டிக் டிரம்கள் இலவசமாகவோ மலிவாகவோ எங்கே கிடைக்கும்?

மன்றச் செயலாளர் (மண்டபம் வட்டாரம்):

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில், வடகடல் ஓரத்தில் உள்ள ஒரு மீனவக் கிராமத்தின் இளைஞர் மன்றத்துக்காக இதைக் கேட்கிறேன். கோடை விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்கிறோம். கடற்கரையில் பிறந்தவர்களுக்கு நீச்சல் தானாக வந்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். எங்கள் பெண் பிள்ளைகளில் பலருக்கு இடுப்பளவுத் தண்ணீரைத் தாண்டப் பயம். ஆகவே கரையிலிருந்து சற்றுத் தள்ளி, அவர்கள் பிடித்து நிற்கவும் ஏறி உட்காரவும் 12 அடி நீளம், 8 அடி அகலத்தில் ஒரு மிதவை மேடை கட்ட முடிவு செய்திருக்கிறோம். ஊர்க் கமிட்டியிடமும் மீன்வளத் துறை அலுவலகத்திலும் சொல்லியாகிவிட்டது. சவுக்குக் கம்பும் பழைய மடிக்கயிறும் ஊரிலேயே கிடைத்துவிட்டன. டிரம்தான் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு பழைய சாமான் கடையில், ஒன்று 1,100 ரூபாய் வீதம், நான்கு நீல டிரம்கள் வாங்கிச் சின்ன மேடை ஒன்று கட்டிப் பார்த்தோம். முழு வாயும் திறக்கும்படி, மூடியைச் சுற்றி இரும்பு வளையம் பூட்டும் வகை அவை. இரண்டாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால், மேடையின் ஒரு மூலை தண்ணீருக்குள் போய், எதிர்மூலை அண்ணாந்து நின்றது. அவிழ்த்துக் கரைக்கு உருட்டிய டிரம்மில் முக்கால் பங்கு கடல்நீர். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்த மாங்கொட்டை போல வெடித்திருந்தது. இரும்பு வளையமும் துருப்பிடித்துப் பூட்டு விட்டுவிட்டது.

இப்போது 8 டிரம்கள் தேவைப்படுகின்றன. மன்றத்தின் கையில் 5,000 ரூபாய்க்குமேல் இல்லை. இராமநாதபுரம், மதுரை அல்லது தூத்துக்குடிப் பக்கம் இலவசமாகவோ குறைந்த விலையிலோ எங்கே கேட்கலாம், எந்த வகையை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

பழைய சாமான் வியாபாரி (இராமநாதபுரம்):

தம்பி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நம் மாவட்டத்தில் நீல டிரம் இலவசமாகக் கிடைப்பது அபூர்வம். காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாயில் தண்ணீர் வராத நாள்களுக்காக வீட்டுக்கு இரண்டு டிரம் வாசலில் நிற்கிற ஊர் இது. சித்திரை பிறந்தால் கடைக்கு வருகிற டிரம் சாயங்காலம்வரை நிற்காது. உங்களுக்கு 1,100 ரூபாய் சொன்னவர் ஏமாற்றவில்லை. நீங்கள் வாங்கியது மிதவை டிரம் அல்ல, தண்ணீர் டிரம். வீட்டுப் பெண்கள் குடத்தை விட்டு மொண்டுகொள்ள வசதியாக வாய் முழுவதும் திறப்பதால்தான் அதற்கு அந்த விலை.

உங்களுக்கு வேண்டியது வாய் அடைத்த டிரம். மேல்தட்டில் இரண்டு அங்குல அளவில் இரண்டு திருகு மூடிகள் மட்டும் இருக்கும், மற்றபடி உடம்பு ஒரே வார்ப்பு. அதில் குடம் நுழையாது என்பதால் அப்படியே வாங்க ஆள் இல்லை. நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? மேல்தட்டை அறுத்தெடுத்துவிட்டு, தண்ணீர் டிரம்மாக்கி விற்கிறோம். அறுத்தபின் அது உங்களுக்கு உதவாது. ஆகவே அறுப்பதற்கு முன்பே கடைக்காரரிடம் சொல்லி வையுங்கள். அறுப்புக் கூலி மிச்சம், நிறுத்தி வைக்கும் இடம் மிச்சம் என்று அவரும் இறங்கி வருவார். நாங்கள் டிரம்மை எடை போட்டுத்தான் வாங்குகிறோம். 200 லிட்டர் டிரம் ஒன்று 8 முதல் 10 கிலோ இருக்கும். அன்றைய பிளாஸ்டிக் கிலோ விலையைக் கேட்டுக்கொண்டு, அதன்மேல் கொஞ்சம் வைத்துக் கொடுத்தால் போதும்.

வகை தெரியாவிட்டால் உடம்பில் உள்ள எழுத்தைப் பாருங்கள். 1எச்1 என்றிருந்தால் மேல்தட்டு கழலாத டிரம். 1எச்2 என்றிருந்தால் கழலும் மூடி. மேலும், மூடி இல்லாத டிரம்மை ‘மூடி எங்கேயும் கிடைக்கும்’ என்ற பேச்சை நம்பி வாங்காதீர்கள். ஒரே டிரம்மின் இரண்டு வாய்களிலும் மரை வேறு வேறாக இருப்பதுண்டு, ஒன்றின் மூடி மற்றதற்குச் சேராது.

மன்றச் செயலாளர்:

மிக்க நன்றி, அண்ணன். கழலும் மூடிதான் குற்றவாளி என்பது இப்போதுதான் விளங்குகிறது. வாய் அடைத்த டிரம்கள் எங்கள் பக்கமே எவரிடமாவது சும்மா கிடக்க வாய்ப்புண்டா?

கூண்டு மீன் வளர்ப்பவர் (மண்டபம்):

உங்கள் காலடியிலேயே கிடக்கிறது. மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் கடல் விரால் குஞ்சு பொரிக்கக் கற்றுத்தந்த பிறகு, இந்தக் கரையில் பலர் கூண்டு போட்டிருக்கிறோம். இரும்புக் குழாய் வளையத்தை மிதக்க வைப்பதே இந்த 200 லிட்டர் டிரம்கள்தாம். அறுவடை முடிந்து கூண்டைக் கரையேற்றும்போது, கயிறு அறுத்துத் தடம் விழுந்தவை, கொட்டலசு என்ற ஓட்டுடைய கடல்பூச்சி அப்பியவை என்று சிலவற்றைக் கழித்துப்போடுவோம். என் கொட்டகைப் பின்னால் மூன்று கிடக்கின்றன. மன்றத்துக்கு என்றால் காசு வேண்டாம், வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மற்றக் கூண்டுக்காரர்களிடமும் நேரில் போய்க் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் எல்லாரும் ‘பார்க்கலாம்’ என்றுதான் சொல்வார்கள்.

கொட்டலசைப் பச்சையாகச் சுரண்டாதீர்கள். டிரம்மும் கீறும், கையும் கிழியும். நான்கைந்து நாள் வெயிலில் போட்டால் பூச்சி செத்துக் காய்ந்து, அரிவாளின் பின்புறத்தால் தட்டினாலே உதிரும். பிறகு வெயில்பட்ட பக்கத்தைப் பாருங்கள். விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு போல நீலப்பொடி ஒட்டலாம், அது பரவாயில்லை. முழங்காலை வைத்து அழுத்தும்போது வெள்ளைக் கோடு ஓடினாலோ மொறுக்கென்று சத்தம் வந்தாலோ அது ஆயுள் முடிந்த டிரம்.

கசிவு பார்க்கத் தொட்டி தேவையில்லை. காலையில் குளிர்ந்த நேரத்தில் மூடிகளை இறுக்கி, உச்சிவெயிலில் படுக்கப் போட்டுவிடுங்கள். உள்ளே காற்று சூடேறி விரிந்து டிரம் விம்மும். அப்போது மூடியைச் சுற்றியும் சந்தேகமான கீறலிலும் சோப்பு நுரையைத் தடவினால், கசிகிற இடத்தில் குமிழ் ஊதும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரை வைத்துக் காற்றடிக்க மட்டும் விடாதீர்கள். அவ்வளவு அழுத்தம் தாங்குவதற்காகச் செய்த பொருள் அல்ல அது.

இன்னொரு யோசனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றி வேலை பார்ப்பார்கள். அப்போது பழைய டிரம் நிறைய வெளியே வரும். டீசல் இருந்தது என்றால் கேட்டு வாங்குங்கள், ஆனால் கழுவாமல் கடலில் இறக்காதீர்கள்.

ஆலைக் கிடங்குப் பொறுப்பாளர் (மதுரை):

கழுவிவிட்டால் தீர்ந்தது என்ற எண்ணத்தை மட்டும் கொஞ்சம் திருத்த விரும்புகிறேன். டீசலும் கரைப்பான்களும் பிளாஸ்டிக்கின் உடம்புக்குள்ளேயே ஊறிவிடக்கூடியவை. கழுவிய தண்ணீரை எங்கே விடுவது என்பது அடுத்த சிக்கல்; கடலோர மணலில் விட்டால் அது மறுபடி கடலுக்குத்தான் வரும். டீசல் டிரம்மை விட்டுவிடுங்கள்.

ஆலைகளில் இலவசமாகக் கேட்கலாமே என்று பலர் சொல்வார்கள். எங்கள் வாயிலுக்கும் அப்படி மன்றங்கள் வருவதுண்டு. நாங்கள் மறுப்பதற்குக் காரணம் கருமித்தனம் அல்ல. 2016-ஆம் ஆண்டின் அபாயகரமான மற்றும் இதரக் கழிவுகள் விதிகளின் முதல் அட்டவணையில், அபாயகரமான வேதிப்பொருள் பட்ட காலி டிரம்களும் கழிவாகவே சேர்க்கப்பட்டிருக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்றவருக்குத்தான் அவற்றைக் கொடுக்க முடியும். மன்றத்துக்குக் கொடுத்தால் கணக்குக் கேட்கும்போது நாங்கள்தான் நிற்க வேண்டும்.

எனவே உணவுப்பொருள் வந்த டிரம்களைத் தேடுங்கள். இனிப்பு, பிஸ்கட் செய்கிற இடங்களுக்குக் குளுக்கோஸ் பாகு வாய் அடைத்த டிரம்மில் வரும். தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து இறால் பண்ணைகளுக்குக் கரும்பு ஆலைக் கழிவுப்பாகு வரும். வெந்நீர் ஊற்றி உருட்டினால் போய்விடும், ஈ மொய்ப்பதுதான் தொல்லை. திண்டுக்கல் பக்கம் வெள்ளரிப் பிஞ்சை உப்புநீரில் ஊறவைத்து ஏற்றுமதி செய்யும் ஆலைகள் உள்ளன, ஆனால் அந்த டிரம் சரக்கோடு கப்பலேறிவிடும். வாயும் அகலம், உங்களுக்கு ஆகாது. சாயப்பட்டறை டிரம்களுக்கும், மண்டையோடு, தீ, கையை அரிக்கும் அமிலம் ஆகிய படங்கள் ஒட்டியவற்றுக்கும் அருகில் போகாதீர்கள். சீட்டைக் கிழித்துவிட்டு விற்பவரிடமும் வாங்காதீர்கள். உள்ளே என்ன இருந்தது என்பதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி.

போகும்போது மன்றத்தின் கடிதத்தாளில், பதிவு எண்ணுடன், ‘நீச்சல் மிதவைக்காக, குடிநீருக்கு அல்ல’ என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். வாயிலில் வெளியேற்றுச் சீட்டுப் போடுகிறவருக்குக் காட்ட ஒரு காகிதம் இருந்தால், பாதி மறுப்பு அங்கேயே கரைந்துவிடும்.

பாசி எடுக்கும் அக்கா (பாம்பன்):

எல்லாரும் வாங்குவதைப் பற்றிச் சொல்கிறீர்கள், மேடையைப் பிரிக்கிற நாளைப் பற்றி நான் சொல்கிறேன். வாடை தொடங்கினால் வடகடலில் எந்த மேடையும் நிற்காது. பிரித்துக் கரையில் அடுக்குவீர்கள். அடுத்த பங்குனிக்குள் அதில் இரண்டு டிரம் யாராவது வீட்டு வாசலில் தண்ணீரோடு நிற்கும். தம்பி, இது திருட்டு அல்ல, தண்ணீர்க் கஷ்டம். வாய் அறுக்க ஒரு ரம்பம் போதும். எங்கள் தெருவில் அப்படி வந்த டிரம் ஒன்றில், எத்தனை தடவை கழுவினாலும் சோறு வடித்த தண்ணீரில்கூட மருந்து நாற்றம் அடித்தது. அதை அடுப்பு விறகு மூடத்தான் வைத்திருக்கிறோம். ஆகவே பாகு டிரம்மைத் தவிர வேறெதையும் ஊருக்குள் கொண்டுவராதீர்கள். மிதவைக்குத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

மன்றச் செயலாளர்:

அக்கா, நாங்கள் யோசிக்காத விஷயம் இது. டீசல் டிரம் வேண்டாம் என்று இன்றே முடிவு செய்துவிட்டோம். கூண்டுக்கார அண்ணனுடைய டிரம்களில் முன்பு என்ன இருந்தது என்றும் கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறோம். எங்களிடம் ஏற்கெனவே இருக்கிற நான்கு வாய் திறந்த டிரம்களுக்கு ஏதாவது வழி உண்டா?

படகு ஆசாரி (கீழக்கரை):

உண்டு. காலித் தண்ணீர் பாட்டில்களை மூடி இறுக்கி, அந்த டிரம்முக்குள் அடைத்துவிடுங்கள். ஒரு லிட்டர் பாட்டில் நூறு அடைத்தால், டிரம்முக்குள் தண்ணீர் ஏறினாலும் நூறு லிட்டருக்கான மிதப்பு எங்கும் போகாது. இராமேசுவரம் வழியில் பாட்டிலுக்குப் பஞ்சமா? தெர்மாகோலை மட்டும் அடைக்காதீர்கள். மூடி விட்டுப்போன அன்று உருண்டை உருண்டையாகக் கடலில் சிதறும். ஆனாலும் பிள்ளைகள் ஏறுகிற மேடையின் மூலைகளில் அவற்றைக் கட்ட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எல்லை காட்டும் மிதவையாக இரண்டை வைத்துக்கொண்டு, மற்ற இரண்டை அக்கா சொன்ன தண்ணீர்க் கஷ்டத்துக்குக் கொடுத்துவிடுங்கள், அவை தண்ணீர் டிரம்தானே.

8 டிரம் என்ற உங்கள் கணக்கு சரி. ஒரு டிரம் மூன்றடிக்குச் சற்று அதிக நீளம். பக்கத்துக்கு நான்கு, முனையோடு முனை படுக்க வைத்தால் 12 அடி நிறைந்துவிடும். பாதி அமிழ்ந்த நிலையில் ஒன்று 100 கிலோ தாங்கும் என்று வைத்தால் மொத்தம் 800. மரச்சட்டம் 200 கிலோ போக, பிள்ளைகளுக்கு 600. அவர்கள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஒரே ஓரத்தில் நிற்பார்கள் என்பதால், அதற்குமேல் ஏற்றாதீர்கள். டிரம்மில் ஆணியோ போல்ட்டோ வேண்டாம். சட்டத்துக்குள் உட்கார வைத்துக் கயிற்றால் வரிந்து கட்டுங்கள். கட்டும்போது இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில், இடமும் வலமுமாக இருக்கும்படி உருட்டி வையுங்கள். ஒன்று மேலும் ஒன்று கீழுமாக வைத்தால், கீழ் மூடி எந்நேரமும் தண்ணீருக்குள்தான் இருக்கும்.

மன்றச் செயலாளர் (மூன்று வாரம் கழித்து):

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கூண்டுக்கார அண்ணனிடமிருந்து மூன்று டிரம்கள் வந்தன. ஒன்றில் முழங்கால் வைத்தபோதே வெள்ளைக் கோடு ஓடியதால், துளையிட்டு எடைக்குப் போட்டுவிட்டோம். மதுரையில் இனிப்புப் பட்டறை ஒன்றில் கடிதத்தைக் காட்டியதும், குளுக்கோஸ் பாகு வந்த ஆறு டிரம்களை எடை விலைக்கே கொடுத்தார்கள். ஆறுக்கும் 2,400 ரூபாய் ஆயிற்று. வண்டிச் செலவுதான் பயமாக இருந்தது, குட்டியானையில் நிற்க வைத்தால் ஓர் அடுக்குக்கு ஆறுதான் கொள்ளும். மதுரைக்கு மீன் இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் நம் ஊர் வண்டியிலேயே ஏற்றி, ஓட்டுநருக்கு 500 ரூபாய் கொடுத்தோம். கழுவிக் காயப்போட்ட அன்று ஊர் ஈ முழுவதும் எங்கள் மன்ற வாசலில்தான் இருந்தது.

சோப்பு நுரைச் சோதனையில் ஏழு டிரம்கள் தேறின. எட்டாவதில், மரை பெரிதாக உள்ள வாயின் மூடியைச் சுற்றி மட்டும் குமிழ் ஊதுகிறது. மூடியில் விரல்நீளத்துக்கு வெடிப்பு. இராமநாதபுரம் அண்ணன் கடைச் சாக்கில் அந்த மரைக்குச் சேரும் மூடி இருக்குமானால், ஞாயிற்றுக்கிழமை டிரம்மையே தூக்கிக்கொண்டு வருகிறேன்.

பழைய சாமான் வியாபாரி (இராமநாதபுரம்):

டிரம் வேண்டாம் தம்பி, மூடியை மட்டும் கொண்டு வாருங்கள். ஞாயிறு மதியம்வரை கடை உண்டு.